ஸீனுக்கு மார்க் போடாதீங்க: தலைமை ஆசிரியர்களுக்கும் நூலகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

உங்க சுற்றறிக்கை என் கைக்கும் வந்துச்சு, யாரோ வாட்ஸப்ல ஃபார்வர்டு பண்ணியிருந்தாங்க. மாணவர்கள் ஆளுக்கு ஒரு ஸீன், அதாவது கையால பண்ற குட்டிப் பத்திரிகை, பண்ணணும், தலைப்பு நீங்க குடுப்பீங்க, அழகுக்கு 10, கற்பனைக்கு 10, பிழையில்லாம எழுதினா 5, முதல் மூணு பேருக்குப் பரிசு, ஏழு பேர் கொண்ட குழு படிச்சு ஒப்புதல் குடுத்துத் தேர்வானதையெல்லாம் சேர்த்து ஆர்ட் பேப்பர்ல கலர்ல அச்சடிச்சு விழாவுல வெளியிடுவோம்னு போட்டிருந்துச்சு. படிச்சதும் முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. பத்து வருஷமா பசங்களையும் பெரியவங்களையும் சுத்தி உக்கார வச்சுப் பேப்பர் மடிக்க விட்டுட்டு இருக்கிற ஆளு நான், "இதெல்லாம் கைவேலை பீரியட்ல பண்ண வேண்டியது, இதுக்கு எதுக்கு தனி நேரம்"னு கேட்ட அதே ஆளுங்க இப்போ தானா முன்வந்து பண்றாங்கன்னா சும்மாவா. ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் வயித்தைக் கலக்குச்சு. அதுல சொல்லியிருக்கிற அத்தனையும் அப்படியே செஞ்சா கடைசியில உங்க கையில இருக்கப் போறது இன்னொரு ஆண்டு மலர். அதுதான் ஏற்கெனவே வருஷா வருஷம் போடுறீங்களே, அதுக்கு எதுக்கு இன்னொரு பேரு?

முதல்ல பேரு விஷயத்தை முடிச்சிடுறேன். ஸீன்னு சொன்னதும் "என்ன, ஸீன் போடப் போறீங்களா"னு ஒருத்தராவது சிரிக்காம எந்தக் கூட்டமும் ஆரம்பிச்சதில்ல. மேகஸின்ங்கிற வார்த்தையோட வால் மட்டும்தான் இது. தலையை வெட்டிட்டாங்க, அதாவது ஆசிரியர் குழு, விளம்பரம், விலை, முன்னுரை, வாழ்த்துச் செய்தி எல்லாத்தையும். மிச்சம் இருக்கிறது ஒருத்தர் கையால எழுதி, வரைஞ்சு, வெட்டி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, மடிச்சு, பின் அடிச்சு, தெரிஞ்சவங்க கையில குடுக்கிற சின்னப் புத்தகம். கையெழுத்துப் பத்திரிகைனு நம்ம பெரியவங்க ஒண்ணு சொல்லுவாங்களே, அதோட தங்கச்சினு வச்சுக்கோங்க. உண்மையில ஸீன் போடாத ஸீன், ஆனா அந்த ஜோக்கை நான் சொல்லி சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இது ஏன் வகுப்புல வேலை செய்யுதுனு யோசிச்சீங்களா? பேப்பர் மடிக்கிறதாலயா, படம் வரையிறதாலயா? அதெல்லாம் இருக்கு, ஆனா நான் பாத்த வரைக்கும் காரணம் ஒண்ணே ஒண்ணுதான், படிக்கப் போறவங்க யாருன்னு எழுதுறவங்களுக்குத் தெரியும். பரீட்சைப் பேப்பரையும் கட்டுரை நோட்டையும் ஒரே ஒருத்தர்தான் படிக்கிறார், அவரும் படிக்க விருப்பப்பட்டு படிக்கல, திருத்தணுமேனு படிக்கிறார், அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்தைத்தான் அவருக்கே திருப்பிச் சொல்றோம். இதுல எழுத யாருக்கு ஆசை வரும் சொல்லுங்க? அதே பையன் பக்கத்து கிளாஸ்ல இருக்கிற பத்து பேருக்கு எழுதுறான்னா, அவங்களுக்குத் தெரியாததைச் சொல்லணும், புரியிற மாதிரி சொல்லணும், அவங்க சிரிக்கணும். நீங்க மார்க் போடுறேன்னு சொன்ன அந்த நிமிஷமே அந்தப் பத்து பேரும் காணாமப் போயிடுவாங்க, மறுபடியும் படிக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

இது நானா கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. ஃபிரான்ஸ்ல செலஸ்தேன் ஃப்ரெனேனு ஒரு வாத்தியார் இருந்தார், முதல் உலகப் போர்ல நுரையீரல்ல அடிபட்டவர், அதனால ரொம்ப நேரம் சத்தமாப் பேசிப் பாடம் நடத்த அவரால முடியாது. பேச முடியாத வாத்தியார் என்ன பண்ணுவார்? 1920கள்ல ஒரு சின்ன அச்சு மெஷினைக் கொண்டு வந்து கிளாஸ்லயே வச்சுட்டார். பசங்க தங்களோட வாழ்க்கையைப் பத்தி எழுதுவாங்க, எதை அச்சடிக்கலாம்னு கிளாஸே ஓட்டுப் போட்டு எடுக்கும், எல்லாரும் சேர்ந்து திருத்துவாங்க, அப்புறம் அவங்களே எழுத்து எழுத்தா கோத்து அச்சடிப்பாங்க. அதோட விட்டாரா? எங்கேயோ தூரத்துல இன்னொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, அங்கேர்ந்து அந்தப் பசங்க அச்சடிச்சதை வாங்கிப் படிச்சாங்க. திருத்தம் இல்லாம இல்ல பாருங்க, நல்லாவே இருந்துச்சு. ஆனா சிவப்பு இங்க்ல வரல, "இது அவங்களுக்குப் புரியுமாடா"ங்கிற கேள்வியா வந்துச்சு. எழுத்துப் பிழைக்கு 5 மார்க் வச்சிருக்கீங்களே, அதுக்குப் பதிலா இன்னொரு பள்ளிக்கூடத்தோட அட்ரஸ் ஒண்ணு குடுத்துப் பாருங்க.

என் தப்பையும் சொல்லிடுறேன், இல்லேன்னா உபதேசம் பண்ற மாதிரி ஆயிடும். ஆரம்பத்துல நானும் திருத்தினவன்தான். ஒரு பொண்ணு, பதினொரு வயசு இருக்கும், "எங்க வீட்டு மாடிப்படி சத்தம்"னு ஒரு ஸீன் பண்ணிருந்தா. எட்டு பக்கம். வீட்ல யார் யார் எப்படிப் படி ஏறுவாங்கன்னு பக்கத்துக்கு ஒருத்தர். அண்ணன் ரெண்டு ரெண்டு படியாத் தாவுவான், அதுக்கு எழுத்துங்க பேப்பரை விட்டு வெளிய குதிக்கிற மாதிரி 'தடக் தடக்'. பாட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வாங்குவாங்க, அதுக்கு 'ட்...டு...ம்'னு எழுத்துக்கு நடுவுல அவ்ளோ இடைவெளி விட்டிருந்தா. அப்பா நடு ராத்திரி வேலை முடிஞ்சு செருப்பைக் கையில எடுத்துட்டு வருவாரு, அந்தப் பக்கத்துல எழுத்தே இல்ல, வெறும் ரெண்டு கால் மட்டும். நான் என்ன பண்ணேன் தெரியுமா? பாட்டி பக்கத்துல 'ட்டும்'னு சேர்த்து எழுதணும்மானு பென்சில்ல குறிச்சேன். அப்பா பக்கம் காலியா இருக்கே, ரெண்டு வரி எழுதேன்னு சொன்னேன். அவளும் எழுதினா, "எங்கள் அப்பா மிகவும் நல்லவர். அவர் கடினமாக உழைப்பார்"னு. அந்த ஒரு பக்கம் அதோட செத்துப் போச்சு. ஜெராக்ஸ் எடுத்து மடிச்சுக் கையில பிடிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுச்சு. அதுக்கு அப்புறம் அவ வேற ஸீன் பண்ணவே இல்ல, நானும் போய்க் கேக்கல, கேக்க எனக்கு மூஞ்சி இல்ல.

அதனால தலைப்பு நீங்க குடுக்காதீங்க. குடுத்தா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும், நாமெல்லாம் ஒரு நாணயத்தின் தன் வரலாறு எழுதி வளர்ந்தவங்கதானே. மரம் வளர்ப்போம்னு குடுத்தா நாப்பது பேரும் ஒரே மரத்தை வரைவாங்க. பாடத்தோட சேர்த்துப் பண்ணணும்னா பண்ணுங்க, தாராளமாப் பண்ணலாம், ஆனா கேள்வியை மாத்திக் கேளுங்க. "இந்தப் பாடத்துல உனக்கு எங்க புரியாமப் போச்சு, அதை எப்படி தாண்டின, இல்ல இன்னும் தாண்டலையா"னு கேளுங்க. பின்னக் கணக்குல ஏன் கீழ இருக்கிற நம்பர் பெருசானா மதிப்பு சின்னதாகுதுனு ஒரு பையன் ஆறு பக்கம் சண்டை போட்டு எழுதியிருந்தான், 8க்கும் 3க்கும் நடுவுல பஞ்சாயத்து வச்சு. அடுத்த வருஷம் அந்தப் பாடம் நடத்தும்போது கணக்கு டீச்சர் அதைத்தான் முதல்ல குடுத்தாங்க. இதெல்லாம் எந்த ட்ரெய்னிங்லயும் கிடைக்காது, ஏன்னா புரிஞ்சவங்களுக்கு புரியாத இடம் எங்க இருந்துச்சுன்னு மறந்து போயிடுது.

இன்னொருத்தன் இருந்தான், கடைசி பெஞ்சு, வாயே திறக்க மாட்டான். அவன் பண்ணது "கிளாஸ்ல டீச்சர் கேள்வி கேட்டா தப்பிப்பது எப்படி". முன்னாடி உயரமானவன் பின்னாடி உக்காரு. டீச்சர் கண்ணைப் பாக்காதே, ஆனா ஒரேயடியா குனியவும் குனியாதே, சந்தேகம் வரும். பேனா மூடியைக் கீழ போட்டுட்டுத் தேடு. கடைசிப் பக்கத்துல மட்டும் சின்ன எழுத்துல "சில நாள் பதில் தெரிஞ்சாலும் தப்பிச்சிடுவேன், பழகிடுச்சு"னு போட்டிருந்தான். டீச்சர் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அந்தக் கடைசிப் பக்கம் வந்ததும் கப்னு நிறுத்திட்டாங்க. உங்க சுற்றறிக்கைப்படி பாத்தா இதுக்கு அழகுக்கு 3, கற்பனைக்கு 6. "ஒழுக்கம்"னு ஒண்ணு சேர்த்திருந்தா மைனஸ்தான்.

வேலை எப்படி நடக்கும்னு தெரியாம இதை முடிவு பண்ண முடியாது, அதனால அதையும் சொல்றேன். ஒரு ஏ4 பேப்பர் போதும். அதை மூணு தடவை பாதி பாதியா மடிச்சுப் பிரிச்சா எட்டு கட்டம் வரும், படுக்க வச்சா மேல நாலு கீழ நாலு. நடுக்கோட்டுல, நடுவுல இருக்கிற ரெண்டு கட்டத்தோட நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. அப்புறம் நீளவாக்குல மடிச்சு ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு உள்ள தள்ளினா வெட்டு வாய் திறக்கும், கூட்டல் குறி மாதிரி நிக்கும், அதைச் சுத்தி மடிச்சா எட்டுப் பக்கப் புத்தகம், பின் கூட வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் 74க்கு 105 மில்லிமீட்டர், உள்ளங்கை அளவு. இதுல பசங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் மாட்டுவாங்க, எந்தக் கட்டத்துல எந்தப் பக்கம்? நான் சொல்லித் தர்றதில்ல. முதல்ல மடி, பக்கத்துக்கு நம்பர் போடு, பிரிச்சுப் பாருனு விட்டுடுவேன். பிரிச்சதும் கீழ் வரிசையில 8, 1, 2, 3 நேரா இருக்கும், மேல் வரிசையில 7, 6, 5, 4 தலைகீழா நிக்கும். அந்த நிமிஷம் ஒரு "ஐயோ" சத்தம் கேக்கும் பாருங்க, அதுக்காகவே இன்னும் இந்த வேலையைப் பாத்துட்டு இருக்கேன். உடனே அதைப் பிரிச்சு மடிச்சு பிரிச்சு மடிச்சு ஏன் அப்படி வருதுன்னு அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க.

ஜெராக்ஸ் பத்தியும் ரெண்டு வார்த்தை, ஏன்னா முதல் தடவை பண்றவங்க எல்லாரும் இதுல கவுந்துடுவாங்க, நானும் கவுந்தேன். பென்சில்ல மென்மையா வரைஞ்சது ஜெராக்ஸ்ல வராது, வெளிர் நீலம் பெரும்பாலும் வரவே வராது. கறுப்புப் பேனா, அதுவும் கொஞ்சம் தடிமனானது. ஓரத்துல அரை சென்டிமீட்டர் விட்டுடணும், மெஷின் ஓரத்தைத் தின்னுடும், ஒரு பையனோட கதையில கொலைகாரன் பேரு இருந்த கடைசி வரியையே தின்னுடுச்சு, இன்னிக்கு வரைக்கும் அவன் சொல்ல மாட்டேங்குறான். பெரிய புத்தகமா நடுவுல பின் அடிக்கிற மாதிரி பண்ணா பக்க எண்ணிக்கை நாலால வகுபடணும், சாதா ஸ்டேப்ளர் நடுப்பக்கம் வரைக்கும் எட்டாது, ஸ்டேப்ளரைத் திறந்து கீழ தெர்மாக்கோல் துண்டை வச்சுக் குத்திட்டு பின்னைக் கையால மடக்கிக்கலாம். கலர், ஆர்ட் பேப்பர் எதுவும் வேண்டாம். 30 பேர் ஆளுக்கு 5 பிரதினா 150 பேப்பர், அவ்ளோதான் செலவு. நீங்க விழா மேடைக்குப் போடுற பேனர் செலவுல எத்தனை வருஷம் ஓட்டலாம்னு நான் கணக்குப் போடல, நீங்களே போட்டுப் பாருங்க.

நூலகம் பாக்குறவங்களுக்கு இப்போ. உங்க சுற்றறிக்கையில "சமூக ஒற்றுமையை வளர்க்க"னு ஒரு வரி இருந்துச்சு. நல்ல வரி. ஆனா தனித்தனியா எழுத வச்சு போட்டி போட வச்சா ஒற்றுமை எங்கேர்ந்து வரும்?

ஸீன் பொறந்த கதையே ஆளுங்களைச் சேர்த்த கதைதான். 1926ல அமெரிக்காவுல ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேஸிங் ஸ்டோரீஸ்'னு ஒரு அறிவியல் புனைகதை பத்திரிகை ஆரம்பிச்சார். வாசகர் கடிதம் போடும்போது எழுதினவங்களோட முழு முகவரியையும் சேர்த்துப் போட்டாங்க, சாதாரண விஷயம்தான், ஆனா அதைப் பாத்து வாசகருங்க பத்திரிகையை விட்டுட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் கடிதம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்படிச் சேர்ந்த ஒரு குழு 1930ல சிகாகோலேர்ந்து 'தி காமெட்'னு ஒண்ணு போட்டாங்க, பொதுவா அதைத்தான் முதல் ஃபேன்ஸீன், அதாவது ரசிகர்களே போடுற பத்திரிகைனு சொல்லுவாங்க. அந்த ஃபேன்ஸீன்ங்கிற பேரை 1940ல வச்சவர் ரஸ் ஷோவனே, சின்ன வயசுலயே காது கேக்காமப் போனவர். கூட்டத்துல நாலு பேர் பேசுறது கேக்காத ஒருத்தருக்குப் பேப்பர்ல நடக்கிற பேச்சு என்னவா இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நினைச்சுப் பாப்பேன். அந்தக் காலத்துல ஜெராக்ஸ் ஏது, ஸ்டென்சில்ல மை தடவி நகல் எடுக்கிற சைக்ளோஸ்டைல்தான், இல்ல ஜெலட்டின் தட்டுல ஒத்தி எடுக்கிறது. சாதா பேப்பர்ல நகல் எடுக்கிற ஜெராக்ஸ் 914 மெஷின் வந்ததே 1959லதான். 1976ல லண்டன்ல பேங்க் வேலை பாத்துட்டு இருந்த மார்க் பெர்ரினு ஒரு பையன் பங்க் இசைக்காக 'ஸ்னிஃபின் க்ளூ'னு ஒரு ஸீன் ஆரம்பிக்கும்போது இந்த மெஷினுங்க எல்லாப் பக்கமும் வந்துடுச்சு. அது பெருசா ஓட ஆரம்பிச்சதும் அடுத்த வருஷமே நிறுத்திட்டாரு. நல்லா ஓடுறப்பவே கடையை மூடுறது நமக்கெல்லாம் வருமா?

இதுல நீங்க எடுத்துக்க வேண்டியது ஒரு முறை இருக்கு. 1937ல டொனால்ட் வோல்ஹைம்னு ஒருத்தர் முன்னின்று ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுல ஒவ்வொரு உறுப்பினரும் தன்னோட பக்கங்களைத் தானே அச்சடிச்சு, எத்தனை உறுப்பினர் இருக்காங்களோ அத்தனை பிரதி அனுப்பிடணும். ஒருத்தர் எல்லாத்தையும் அடுக்கிக் கட்டா எல்லாருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த தடவை அனுப்பும்போது போன கட்டுல மத்தவங்க எழுதினதுக்குப் பதிலும் சேர்த்து எழுதுவாங்க. தேர்வுக்குழு கிடையாது, நிராகரிப்பு கிடையாது. ஆனா எழுதாமலே இருந்தா உறுப்பினராத் தொடர முடியாது.

அந்த முறையை ஒரு நூலகத்துல நாங்க பண்ணிப் பாத்தோம். அங்க வாசிப்பு அறையில ரெண்டு கட்சி. ஜன்னல் ஓரம் பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க, ஃபேனுக்குக் கீழ போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க. பசங்க குசுகுசுனு பேசுறாங்கன்னு இவங்க, பெரியவங்க பேப்பரைப் படபடனு புரட்டுறாங்கன்னு அவங்க, ரெண்டு பக்கமும் நூலகர்கிட்ட புகார், அவரு பாவம். ஆளுக்கு ஒரே ஒரு பக்கம், "நான் உக்காருற நாற்காலி"னு எழுதிட்டு வாங்க, 22 பிரதி ஜெராக்ஸ் நாங்க எடுத்துத் தர்றோம்னு சொன்னோம். பதினெட்டு பேர்தான் எழுதினாங்க, மீதி நாலு பிரதி ஸ்பேர். நீளமான டேபிள்ல பதினெட்டு கட்டா வரிசையா வச்சுட்டு, எல்லாரும் டேபிளைச் சுத்தி நடந்து கட்டுக்கு ஒண்ணா எடுத்து அடுக்கணும். இந்தச் சுத்தி நடக்கிறதுதான் முக்கியம் சார், நீங்க ப்ரெஸ்ல குடுத்து பைண்டு பண்ணிட்டா இது போயிடும். பக்கத்துல நிக்கிறவர் மெதுவா எடுப்பார், நீங்க நிக்கணும், நிக்கும்போது கையில இருக்கிற பக்கத்தைப் படிப்பீங்க. ஒரு பெரியவர் நடந்துட்டே படிச்சுட்டு நின்னுட்டார், பின்னாடி க்யூவே நின்னுடுச்சு. பதினேழாவது பக்கம், ஒரு பொண்ணு எழுதினது, மூணாவது தடவை தேர்வு எழுதப் போறேன், வீட்ல சொல்லல, வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு தினமும் இந்த நாற்காலிக்குத்தான் வர்றேன்னு. பேரு போடல. யாருன்னு அவர் கேக்கவும் இல்ல. மறுநாள்லேர்ந்து பேப்பரை வெளி வராந்தாவுக்கு எடுத்துட்டுப் போய் புரட்ட ஆரம்பிச்சார்னு நூலகர் சொன்னார். எல்லாம் சரியாயிடுச்சுனு சொல்ல மாட்டேன், மத்த பெரியவங்க இன்னும் படபடதான்.

சரி, உங்களுக்குப் பயம் இருக்கும், அது நியாயமான பயம். யாராவது யாரையாவது கிண்டல் பண்ணி எழுதிட்டா? டீச்சரைத் திட்டி எழுதிட்டா? வீட்ல நடக்கக் கூடாதது எதையாவது எழுதிட்டா? மூணும் எனக்கு நடந்திருக்கு. அதனால பேப்பரைத் தொடுறதுக்கு முன்னாடியே மூணு விஷயத்தைச் சொல்லிடுவேன். இன்னொருத்தரைப் பத்தி எழுதினா அவங்ககிட்ட காமிச்சுட்டுத்தான் ஜெராக்ஸ். பேரு போடுறதும் போடாததும் புனைபேரு வைக்கிறதும் உன் இஷ்டம். யாருக்காவது ஆபத்துனு எனக்குத் தெரிஞ்சா அதை நான் ரகசியமா வச்சுக்க மாட்டேன், உன்கிட்ட சொல்லிட்டு உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட போவேன். மூணாவதை எழுதி முடிச்சதுக்கு அப்புறம் சொன்னா அது துரோகம், முன்னாடியே சொன்னா அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. இதுக்கு ஒரு நம்பிக்கையான பெரியவங்க போதும். ஏழு பேர் கொண்ட ஒப்புதல் குழு எதுக்கு? ஏழு பேர் படிச்சுக் கையெழுத்துப் போட்ட ஸீனை எட்டாவது ஆளு ஏன் படிக்கணும்?

ஒரு பையன் ரெண்டு பக்கத்தைச் சேர்த்து நாலா பக்கமும் பின் அடிச்சு மூடி வச்சிருந்தான். ஒரு பிரதியில மட்டும் இல்ல, அஞ்சு பிரதியிலயும். உள்ள என்னடானு கேட்டேன். "எழுதியிருக்கேன், ஆனா படிக்கக் கூடாது"ன்னான். சரின்னுட்டேன். அஞ்சு பேரும் வாங்கிட்டுப் போனாங்க, எனக்குத் தெரிஞ்சு யாரும் பின்னைப் பிரிக்கல. போட்டினா அந்தப் பக்கத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? பிரிச்சுப் பாப்பீங்களா?

பிரதி எண்ணிக்கையும் பெரிய விஷயமே இல்ல. 1942லேர்ந்து 1944 வரைக்கும் இன்னிக்குச் செக் நாட்டுல இருக்கிற டெரசீன்ங்கிற ஊர்ல, யூதர்களுக்குனே ஒதுக்கின கெட்டோவுல நாஜிகள் அடைச்சு வச்சிருந்த யூதப் பசங்க வாராவாரம் 'வேதெம்'னு ஒரு பத்திரிகை நடத்தினாங்க. ஆசிரியர் பெத்ர் கின்ஸ், ஆரம்பிக்கும்போது அவனுக்கு வயசு 14. முதல்ல டைப்ரைட்டர்ல அடிச்சாங்க, ரிப்பன் தீர்ந்து போனதும் கையால எழுதினாங்க. ஒரே ஒரு பிரதிதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் கூடி உக்காந்து அவங்கவங்க எழுதினதைச் சத்தமாப் படிப்பாங்க. கின்ஸ் ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல 16 வயசுல கொல்லப்பட்டான். கிட்டத்தட்ட 800 பக்கம் தப்பிச்சு இன்னிக்கும் இருக்கு, பசங்கள்ல ஒருத்தன் ஒளிச்சு வச்சதால. இதைச் சொல்லி உங்களை உருக வைக்கணும்னு இல்ல, அந்தப் பசங்க பட்டதையும் நம்ம ஒர்க்‌ஷாப்பையும் ஒப்பிடவும் முடியாது. ஆயிரம் பிரதி அடிச்சாத்தான் பத்திரிகைனு யாராவது மீட்டிங்ல சொன்னா, எனக்கு அந்த ஒரே பிரதி ஞாபகம் வரும், அதனால சொன்னேன்.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டுடலாமே, உலகமே படிக்குமே"னு ஒருத்தர் உங்க பக்கத்துலேர்ந்து கேட்டார். போடாதீங்க, கேக்காம போடவே போடாதீங்க. பத்து பேருக்குனு நினைச்சு எழுதினது அது. பதிமூணு வயசுல எழுதினது இருபத்தஞ்சு வயசுல வேலைக்கு அப்ளை பண்ணும்போது தேடினா வரணுமா? ஸீன் சேகரிக்கிற நூலகர்கள் சேர்ந்து 2015ல ஒரு நெறிமுறையே எழுதி வச்சிருக்காங்க, எழுதினவங்களை மதிக்கணும், அவங்க விருப்பத்தைக் கேக்கணும்னு. நியூயார்க்ல பர்னார்ட் கல்லூரி நூலகத்துல ஸீன்களுக்குனே ஒரு தொகுப்பு இருக்கு, அங்க ஒரு பிரதியைப் பத்திரமா காப்பகத்துல வைப்பாங்க, இன்னொண்ணு அலமாரியில யார் வேணா எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கும். நீங்களும் அப்படியே பண்ணலாம், ஒரு ஷூ டப்பா போதும். எழுதினவங்க என்னிக்காவது வந்து என்னுதை எடுத்துடுங்கன்னு சொன்னா, ஏன்னு கேக்காம எடுத்துக் குடுத்துடுங்க. ஒரிஜினலையும் நீங்க வச்சுக்காதீங்க, அது அவங்களோடது. போன தடவை ஒரு இடத்துல கண்காட்சிக்குனு வாங்கிட்டுப் போன முப்பத்தி ஒரு ஒரிஜினல் திரும்பி வரவே இல்ல, இடம் பத்தலைனு தூக்கிப் போட்டுட்டாங்களாம், பசங்க என்கிட்ட வந்து கேட்டப்போ நான் தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னேன்.

அப்போ பரிசே வேண்டாமானு கேப்பீங்க. பரிசுக்குனு வச்சிருக்கிற காசுல பேப்பரும், டோனரும், நீளக்கை ஸ்டேப்ளர் ரெண்டும் வாங்கிப் போட்டுடுங்க. ஒரு மணி நேரம் "ஆக்டிவிட்டி"னு முடிச்சிடாதீங்க, குறைஞ்சது மூணு வாரம் குடுங்க, முதல் வாரம் பண்றதெல்லாம் யாரையோ பாத்து பண்ணதாத்தான் இருக்கும், மூணாவது வாரம்தான் அவங்க குரல் வரும். டீச்சருங்களும் ஒண்ணு பண்ணட்டும், பசங்க முன்னாடியே, அதே பேப்பர்ல. ஒரு ஹெட்மாஸ்டர் "நான் படம் வரையப் பயப்படுறேன்"னு எட்டு பக்கமும் குச்சி மனுஷங்களா வரைஞ்சு குடுத்தார், அன்னிக்கு அவரோட ஸீனுக்குத்தான் சண்டை, பன்னெண்டு பிரதியும் காலி.

அடுத்த மாசம் முதல் வாரம் நான் வரத் தயார். தலைப்பு, நடுவர், மேடை எதுவும் ஏற்பாடு பண்ண வேண்டாம். ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற ரூம் சாவி யார்கிட்ட இருக்கும், அந்த ரூம் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, இந்த ரெண்டை மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. போன தடவை மெஷின் இருந்துச்சு, பேப்பர் இருந்துச்சு, சாவி வச்சிருந்தவர் லீவு.

இப்படிக்கு,
பேப்பர் மடிக்கிற ஒருத்தன்